டிசம்பர் வெயிலில் ஒரு வண்ணத்துப்பூச்சி





நவம்பர் மாதத்தின் கடைசி ஞாயிறு. ஆராதனை முடிந்து, வாடகை மண்டபத்தை அடுத்த கூட்டத்தாருக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, வழக்கம்போலப் பின்புறமுள்ள பூங்காவில் வெயில் காய உட்கார்ந்திருந்தோம். டெல்லியில் வாழும் நமக்கு இது பழகிப்போன காட்சிதான். ஊரில் இருந்தவரை நிழலைத் தேடி உட்கார்ந்தவர்கள் நாம். இங்கே நவம்பர் பிறந்துவிட்டால் நிழல் விழாத இடமாகப் பார்த்துப் பாயை விரிக்கிறோம். சகோதரிகள் சாப்பாட்டுக் கேரியர்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ஒரு மூலையில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். 78 வயதான என் தாயார் மட்டும் ஒரு சிமெண்ட் பெஞ்சில் தனியாக அமர்ந்து, சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கம்பிவேலிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏய்யா, இங்க வா. அந்த எருக்கஞ்செடிகிட்ட வண்ணாத்திப்பூச்சி பறக்குது, பாரு" என்றார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. "இந்தக் குளிர்ல ஏதும்மா வண்ணத்துப்பூச்சி? காஞ்ச இலை எதாவது விழுந்திருக்கும்" என்றேன்.

"எனக்குக் கண்ணு மங்கல்தான். ஆனா இலை மேல போகாதுல்லா?"

இதற்குப் பதில் இல்லாததால் எழுந்து போனேன். அம்மா சொன்னது சரிதான். ஆரஞ்சும் பழுப்பும் கலந்த சிறகுகள், கறுப்பு ஓரம், அதில் வெள்ளைப் புள்ளிகள். வேலிக்கு வெளியே ரயில் பாதையை ஒட்டி நின்ற எருக்குச் செடியை அது மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தமிழில் இதற்கு வெந்தய வரியன் என்று பெயர். அப்படியே அந்தச் செடியின்மேல் சூரியனை நோக்கிச் சிறகை விரித்து, நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டது. எங்கள் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் செய்துகொண்டிருந்த அதே வேலையைத்தான் அதுவும் செய்துகொண்டிருந்தது.

அன்று முதல் டிசம்பர் நடுப்பகுதிவரை, நேரம் கிடைத்த மதிய வேளைகளிலெல்லாம் அம்மாவும் நானும் இந்தச் சிறு ஜீவன்களைத் தேடிப் போனோம். அப்போது கண்டதையும், அதன்பின் படித்து அறிந்ததையும் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம்முடைய உடலைப்போல வண்ணத்துப்பூச்சியின் உடல் தன் சூட்டைத் தானே ஒரே அளவில் வைத்துக்கொள்வதில்லை. சிறகை அசைக்கும் தசைகள் அதன் மார்புப் பகுதியில் இருக்கின்றன. அந்தத் தசைகள் ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால்தான் அது நன்றாகப் பறக்க முடியும். டெல்லியில் நவம்பர் மாதப் பகல் வெப்பம் சராசரியாக 28 டிகிரி அளவில் இருக்கிறது. டிசம்பர் பகல் 23 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டிசம்பர் இரவுகளோ 8 டிகிரிக்கு வந்துவிடுகின்றன. ஆகவே காலையில் அது மரத்துப்போன நிலையில் ஏதாவதொரு இலைக்கடியிலோ புல்தண்டிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் கையால் எடுத்தால்கூடப் பறக்காது. எனவே குறைந்துள்ள சூட்டை வெயிலிலிருந்து கடன் வாங்குகிறது. நீல வசீகரன் என்னும் அழகான வகை, வெறும் தரையில் சிறகைத் தட்டையாக விரித்து முதுகில் வெயில் வாங்கும். சிறிய மஞ்சள் வகைகள் சிறகை மூடிக்கொண்டு, உடலை ஒருபக்கமாகச் சாய்த்து, பக்கவாட்டில் வெயில் படும்படி உட்காரும். காற்றில் சாய்ந்து விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். உடலை ஒட்டிய சிறகுப் பகுதி பல வகைகளில் கருமையாக இருப்பதும் சூட்டை இழுத்துக்கொள்ள உதவுகிறது.

ஆகவே பார்க்க விரும்புகிறவர்கள் அதிகாலையில் எழுந்து போக வேண்டாம். அதிகாலை ஜெபத்துக்கு உகந்தது. வண்ணத்துப்பூச்சிக்குப் பகல் 11 மணிக்குமேல் 3 மணிக்குள் போதும். காற்று வீசாத, சுவரோ புதரோ தடுப்பாக உள்ள, தெற்குப் பார்த்த இடமாக இருக்கவேண்டும். பூவும் இருக்கவேண்டும். நவம்பரில் பெரும்பாலான செடிகள் ஓய்ந்துவிடுகின்றன. ஆனால் யாரும் நட்டு வளர்க்காத உண்ணிச்செடியும், நம் ஊர்ப் பிள்ளைகள் காயத்துக்குச் சாறு பிழிந்து விடும் வெட்டுக்காயப் பூண்டும் அப்போதும் பூத்திருக்கும். தோட்டக்காரர்கள் களை என்று பிடுங்கிப்போடும் இந்த இரண்டின்மேல்தான் நாங்கள் அதிகம் கண்டோம்.

புகைமூட்டம் சூரியனை மறைக்கும் நாள்களில் மட்டும் ஏமாற்றம்தான். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் வயல்களில் வைக்கோல் தாள் எரியும் புகையும், நகரத்தின் வாகனப் புகையும், பனியும் சேர்ந்து வானத்தை மூடிவிடும்போது, நமக்கு மூச்சு முட்டுகிறது. அதற்கோ வெயிலே கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட ஒரு வாரம் முழுவதும் நாங்கள் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவையும் வீட்டைவிட்டு வெளியே அழைத்துப்போக முடியவில்லை.

டெல்லியைக் கான்கிரீட் காடு என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் 1966ஆம் ஆண்டிலேயே ஜூலியன் டொனஹியூ என்பவர், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில், டெல்லியின் வண்ணத்துப்பூச்சிகளைக் குறிப்புகளோடு பட்டியலிட்டு எழுதியிருக்கிறார். இன்று வசதியாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு லோதி தோட்டம் இருக்கிறது. வசீராபாத் பக்கம் யமுனை பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. துக்ளகாபாத் அருகே ஆசோலா பாட்டி சரணாலயம் இருக்கிறது. வசந்த் விஹாரில் உள்ள ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா ஒருகாலத்தில் சுரங்கமாகத் தோண்டிப் பாழாக்கப்பட்ட நிலம். திரும்ப மரம் வளர்த்து மீட்டெடுத்திருக்கிறார்கள். இவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, ரயில் பாதை ஓரத்து எருக்கஞ்செடி ஒன்று போதும் என்பது என் அனுபவம்.

அந்த எருக்கைப் பற்றியும் அம்மாதான் சொன்னார்கள். "இது நம்ம ஊரு எருக்கு இல்லய்யா. பூவு சின்னதா, கிண்ணம் மாதிரி இருக்கு." விசாரித்தபோது அதுவும் சரியாக இருந்தது. நம் நாசரேத், சாயர்புரம் பக்கத்துத் தேரிகளில் காண்பது பெரிய எருக்கு. அதன் பூவிதழ் விரிந்து மடங்கியிருக்கும். வட இந்தியாவில் பெரும்பாலும் காண்பது அதன் தம்பி வகை. வெள்ளைப் பூவின் நுனியில் மட்டும் கருஞ்சிவப்பு இருக்கும். இந்திக்காரர்கள் ஆக் என்பார்கள். இரண்டு எருக்கையும் வெந்தய வரியனின் புழு தின்னும். ஆடுமாடு வாய் வைக்காத அந்தப் பாலின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அது சிறகடித்து வந்தபின்னும் அந்த நஞ்சு உடலில் இருப்பதால், ஒருமுறை தின்று வாந்தியெடுத்த பறவை மறுமுறை அதைத் தொடாது. அவசரமில்லாமல் அது மிதந்து மிதந்து பறப்பதன் இரகசியம் இதுதான்.

இன்னொரு செய்தியும் இந்தப் பூச்சியைப் பற்றி உண்டு. எகிப்தில் நெபாமுன் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில், சுமார் 3,350 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்ட ஓர் ஓவியம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நாணல் நடுவே படகில் நின்று பறவை வேட்டையாடும் அந்த மனிதனைச் சுற்றி இதே வரியன் வகைப் பூச்சிகள் பறக்கின்றன. நைல் நதி, நாணல் என்றவுடன் நம் மனம் யாத்திராகமத்துக்குப் போய்விடுகிறது. நாணற்பெட்டியில் கிடந்த அந்தக் குழந்தையின்மேலும் இது பறந்திருக்குமோ என்று அம்மா கேட்டார்கள். பறந்திருக்கலாம்.

வேதாகமத்தில் வண்ணத்துப்பூச்சி உண்டா என்று வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான். அந்தப் பெயரில் இல்லை. யோவேல் தீர்க்கதரிசி முதலாம் அதிகாரத்தில் பச்சைப்புழுவும் முசுக்கட்டைப்பூச்சியும் வருகின்றன; அங்கே அவை பயிரை அழிக்கும் தண்டனையின் சேனை. ஆனால் வண்ணத்துப்பூச்சிகளுக்குள் வேதாகமப் பெயர் ஒன்று இருக்கிறது. மேற்புறம் வெறும் வெள்ளை, அடிப்புறம் மஞ்சளும் சிவப்புமாகத் தீட்டியதுபோன்ற ஒரு வகையை ஆங்கிலேயர்கள் யேசபேல் என்று பெயரிட்டு வைத்தார்கள். ஆகாபின் மனைவி கண்ணுக்கு மையிட்டுத் தலையைச் சிங்காரித்து ஜன்னலண்டை நின்றதை நினைத்துத்தான் பெயர் வைத்தார்கள்போலும். அதன் புழு மரக்கிளைகளில் ஒட்டி வளரும் புல்லுருவியைத் தின்று வாழ்கிறது. பெயரைக் கேட்டதும் சகோதரிகள் முகம் சுளித்தார்கள். பாவம், எலியாவைத் துரத்தியதில் அந்தப் பூச்சிக்கு என்ன பங்கு?

நம் மேடைகளில் வண்ணத்துப்பூச்சி வேறொரு வழியில் மிகவும் பிரபலம். கூட்டை உடைக்கப் போராடும் பூச்சிக்கு ஒரு மனிதன் இரங்கிக் கத்தரிக்கோலால் உதவ, அது முடமாகிப்போன கதையைக் கேட்காத விசுவாசி இருக்க முடியாது. நானும் போதகர் ஊரில் இல்லாத நாள்களில் அதைச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் நம் வண்ணத்துப்பூச்சிகளில் பெரும்பாலானவை பட்டுப்பூச்சியைப்போல நூலால் கூடு பின்னுவதில்லை. புழு தன் தோலை உரித்துப்போட, உள்ளேயிருந்து வழுவழுப்பான கூட்டுப்புழு வெளிப்பட்டுத் தொங்குகிறது. உள்ளே நடக்கும் மாற்றம் மட்டும் பிரசங்கிகள் சொல்வதைவிடப் பெரியது. புழுவின் உடலில் பெரும்பகுதி கரைந்து, புதிதாகக் கட்டப்படுகிறது. ரோமர் 12ஆம் அதிகாரத்தில் மறுரூபமாகும்படி பவுல் எழுதும்போது கையாளும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான், விஞ்ஞானிகள் இந்த உருமாற்றத்துக்கு வழங்கும் பெயரும் வந்திருக்கிறது. மலையின்மேல் ஆண்டவர் மறுரூபமானதற்கும் மத்தேயு எழுதுவது அதே சொல்தான். இதை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. சிறகு முளைத்த பிறகு, குளிர் வரும்போது அது என்ன செய்கிறது என்பதைப் பற்றி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை.

அது பல விதமாகச் செய்கிறது. சில வகைகள் குளிர்காலத்துக்கென்று வேறு உடை உடுத்துகின்றன. மயில் வசீகரன் என்ற வகையை மழைக்காலத்தில் பார்த்தால் சிறகின் அடிப்புறத்தில் பெரிய கண்போன்ற வட்டங்கள் இருக்கும். மழை ஓய்ந்தபின் பிறக்கும் தலைமுறைக்கு அந்த வட்டங்கள் மங்கி, சிறகின் ஓரமும் வளைந்து, மூடி உட்கார்ந்தால் அசல் சருகுபோலவே இருக்கும். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒற்றுமையே தெரியாது. எங்கும் சருகு கிடக்கும் காலத்தில் சருகாகத் தோன்றுவதே பாதுகாப்பு. முதன்முதலாக டெல்லிக்கு வந்த நம் வாலிபர்கள், இரண்டு மாதத்துக்குள் குரங்குக் குல்லாயும் மப்ளருமாக அடையாளம் தெரியாமல் போவது எனக்கு நினைவு வந்தது.

இன்னும் சில வகைகள் கூட்டுப்புழுவாகவே தொங்கிக்கொண்டு குளிரைக் கழிக்கின்றன. வெயில் திரும்பும்வரை அவற்றுக்கு அவசரமில்லை. சில வகைகள் புறப்பட்டுப் போகின்றன. நம் தமிழ்நாட்டில் நீல வரியன்களும் கருப்பன்களும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாகக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைகளை நோக்கிக் கூட்டங்கூட்டமாய்ப் போவதைக் கோயம்புத்தூர்ப் பக்கத்தார் கண்டிருப்பார்கள். இமயமலைச் சரிவுகளில் கோடையைக் கழித்துவிட்டுக் குளிருக்குச் சமவெளிக்கு இறங்கிவரும் வகைகளும் உண்டு. நமக்கு நடுக்கம் தரும் டெல்லி அவற்றுக்கு வெப்பமான ஊர். உலகம் முழுவதும் அலையும் ஒரு வகை இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பும் அதன் யாத்திரை ஒரே பூச்சி முடிப்பதில்லை. புறப்பட்டது வழியில் முட்டையிட்டு மடிய, அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மீதி வழியைப் பறக்கின்றன. 2013ஆம் ஆண்டு அவற்றில் சில அட்லாண்டிக் சமுத்திரத்தையே கடந்து தென் அமெரிக்கக் கரையில் இறங்கியதை ஆராய்ச்சியாளர்கள் 2024இல் நிரூபித்தார்கள். ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர், காற்றின் துணையோடுதான்.

இடம்பெயர்தலைப் பற்றி டெல்லித் தமிழருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரமாகப் பல பத்தாண்டுகள் நம் மக்கள் வாழ்ந்த மதராசி கேம்ப், 2025ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். ஒரு பகுதியினருக்கு சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. நரேலாவுக்குப் போன நம் சகோதரி ஒருவர் இப்போதும் இரண்டு பஸ் மாறி ஞாயிறு ஆராதனைக்கு வந்துவிடுகிறார். நான் இந்தப் பூச்சிகளைப் பற்றிப் பேசக் கேட்டவர், "அண்ணே, எங்க பில்டிங் பக்கம் காலி மனைதான் எங்க பாத்தாலும். மத்தியானம் வெளிய நின்னா மஞ்சளா நூத்துக்கணக்குல பறக்குது. அதை ரசிக்க எனக்கு நேரம் இருக்கே, அதுதான் கஷ்டம், வீட்டு வேலை எல்லாம் ஜங்புராவிலேயே போயிருச்சு" என்றார். எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் ஜெபிக்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். நரேலாவுக்கு அருகே வீட்டு வேலைக்கு ஆள் தேவைப்படுகிற குடும்பங்கள் இருந்தால் சபைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

இப்போது என் குறையையும் சொல்லவேண்டும்.

அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின், நான்கு ஆண்டுகளுக்கு முன் அம்மாவை இங்கே அழைத்து வந்தோம். மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. மருமகளும் பேரப்பிள்ளைகளும் நன்றாகத்தான் கவனிக்கிறார்கள். ஆனால் பக்கத்து வீட்டோடு பேச இந்தி தெரியாது. நவம்பர் முதல் பிப்ரவரிவரை ஜன்னல்களையெல்லாம் மூடிவிட்டால், ரஜாயிக்குள் ஒரு ஜீவன், அவ்வளவுதான். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் அம்மா கேட்பார்கள்: "குளிருக்கு முந்தி என்னை ஊர்ல சித்தி வீட்டுல விட்டுருய்யா. பங்குனியில வந்துருதேன்." நானும் ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன், கிறிஸ்மஸ் முடியட்டும் அம்மா, பிறகு, பரீட்சை முடியட்டும், பிறகு, லீவு கிடைக்கட்டும். அதற்குள் வெயில் வந்துவிடும். மூன்று குளிர்காலம் இப்படியே போயிற்று.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள், அதே எருக்கஞ்செடியருகே நின்று, சில வகைகள் கூட்டுக்குள் குளிரைக் கழிக்கும், சில வகைகள் பறந்து போய்விடும் என்று நான் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். "போக வழி உள்ளது போகுது" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று இரவு குடும்ப ஜெபத்துக்கு நாங்கள் தொடர்ச்சியாக வாசித்து வந்த பகுதி இரண்டாம் தீமோத்தேயு நான்காம் அதிகாரத்தில் வந்து நின்றது. அந்த அதிகாரத்தில் நல்ல போராட்டத்தையும் கிரீடத்தையும் வைத்து நான் பலமுறை பேசியிருக்கிறேன். துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படி பவுல் கேட்பதையும், குளிர்காலம் தொடங்குவதற்குள் வந்துவிடும்படி கெஞ்சுவதையும் நான் ஒருநாளும் பேசியதில்லை. விலாசம்போல வாசித்துவிட்டுப் போயிருக்கிறேன். அக்காலத்தில் நவம்பர் முதல் மார்ச்வரை மத்தியதரைக் கடலில் கப்பல் ஓடுவது ஏறக்குறைய நின்றுவிடும். அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தில் அந்த ஆபத்தைப் பார்க்கிறோம். தீமோத்தேயு சற்றுத் தாமதித்தால், அடுத்த வசந்தம்வரை வரமுடியாது. வயதான மனிதன், குளிர்ந்த சிறை, போர்வை வேறு ஊரில். மகன்போன்ற ஒருவனிடம் தேதி குறித்துக் கேட்கிறார். தீமோத்தேயு போய்ச் சேர்ந்தானா என்று வேதம் சொல்லவில்லை.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தட்கலில் பதிவு செய்து, அந்த வாரமே நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸில் அம்மாவோடு புறப்பட்டேன். ஆக்ராவரைக்கும் பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பாதையோரத்து எருக்கையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார்கள். திருநெல்வேலியில் இறங்கியபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. சித்தி குடையோடு நின்றிருந்தார்கள். அம்மா முதல் காரியமாக ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள்.

இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இப்போது தினமும் மத்தியானம் போன் வருகிறது. ஊரில் மழை வெறித்துவிட்டதாம்; தேரிக்காட்டுப் பக்கம் எருக்கு நிறையப் பூத்திருக்கிறதாம்; சித்தியின் பேரனுக்கு வெந்தய வரியன் என்ற பெயரைச் சொல்லிக் கொடுத்தாயிற்றாம். நேற்று, "அங்க நம்மது இன்னும் பறக்குதாய்யா?" என்று கேட்டார்கள்.

பகல் 12 மணிக்குப் போய்ப் பார்த்தேன். மூடுபனி விலகவில்லை, எருக்கின் இலைகள் நனைந்து கிடந்தன. கீழ் இலை ஒன்றைத் திருப்பியபோது, மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக வரியிட்ட ஒரு சிறு புழு இருந்தது. வெள்ளிக்கிழமை வெயில் வரும் என்கிறார்கள். அன்று மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு அம்மாவுக்குச் சொல்லவேண்டும்.